மஞ்சளில் கை வைக்காதே

“கலர் துணியோட இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது.”

“ஏன், ஆபரேஷன் தியேட்டரா?”

“அதுக்கும் மேல.”

“ஏங்க, நான் உங்க பொண்டாட்டி. கல்யாணமாகி ஆறு நாள்தான் ஆகுது. டீ குடுக்க வந்தேன்.”

“டீயை அங்கயே வை. உன் சிவப்புத் துணியோட வெளிச்சம் ஸ்கிரீன்ல விழுது பாரு. இந்தப் பையன் கன்னம் இப்ப எனக்குச் சிவப்பாத் தெரியும். நான் சிவப்பைக் குறைப்பேன். நாளைக்கு அச்சுல வரும்போது பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி வருவான். யாரால? உன்னால.”

“அடேயப்பா! வாசல்ல நின்னதுக்கே ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுட்டேனா?”

அவர் சிரித்துவிட்டார். ஆணியில் தொங்கிய சாம்பல் நிறக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் கை இரண்டும் அவள் முழங்கால் வரை தொங்கின. அதை மாட்டிக்கொண்டுதான் அவள் முதன்முதலாக அந்த அறைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முகத்துல மஞ்சள் ஏறியிருந்தா எடுத்துடணும். இந்தத் தொழில்ல அதான் முதல் வேலை.”

“எவ்வளவு எடுக்கணும்?”

“கண்ணு சொல்லும்.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

“ஆறு நாள்ல சொல்லுமா? இரு, சொல்லும்.”

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு. இப்போதும் தனியாக இருக்கும்போது நினைத்துச் சிரித்துக்கொள்வாள். கொஞ்ச நாளாகத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

வீட்டின் முன்னறைதான் கலர் ரூம். நான்கு சுவரும் சாம்பல். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இரண்டு மேசை, இரண்டு கணினி, திரைகளைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் மடித்த மறைப்பு. மூலையில் மாதிரிப் படம் எடுக்கும் பிரிண்டர். அதற்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தைப் போலவே எரியும் விளக்கு பொருத்திய ஒரு பெட்டி. அச்சுக்குப் போகும் எந்தப் படமும் முதலில் மாதிரியாக வந்து அந்தப் பெட்டிக்குள் படுக்கும். அவர் குனிந்து பார்ப்பார். சரியென்றால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்ட மாதிரி தெருக்கோடி அச்சகத்துக்குப் போகும். அங்கே மெஷின்காரர் அதை எதிரே கிளிப்பில் மாட்டிவைத்து, மெஷினில் வருவது அதைப் போலவே வரும்வரை மையைக் கூட்டிக் குறைப்பார். மாதிரியில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆயிரம் பிரதியிலும் வரும்.

அவரைத் தொழிலில் எல்லோரும் கழுகு என்பார்கள். ஒருமுறை அச்சகத்துக்குள் நுழைந்தவர், அந்தக் கோடியில் மெஷினிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாளை வாசலில் நின்றே பார்த்து, “மஞ்சள் ரெண்டு பங்கு கூட ஓடுது” என்றார். மெஷின்காரர் நம்பாமல் கருவியை வைத்துப் பார்த்தார். இரண்டேதான். அன்று வைத்த பேர்.

அவள் கணக்குப் படித்தவள். கண் சொல்லும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, எண்களோடு சினேகமாகிவிட்டாள். படத்தின் மேல் எங்கே அம்பை வைத்தாலும் அந்த இடத்தில் எந்த மை எவ்வளவு என்று கணினி காட்டும். நல்ல உடம்போடு இருக்கிற ஒருவரின் கன்னத்தில் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மை நாற்பது இருந்தால் மஞ்சள் ஐம்பதாவது இருக்க வேண்டும். மஞ்சள் கீழே போனால் முகம் வெந்த மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

“நம்பரைப் பார்த்துப் படம் திருத்தறாளாம். அப்ப உப்புக்கு என்ன நம்பர்?” என்பார் கழுகு.

“ஒரு ஸ்பூன். அளந்துதான் போடறேன். ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கீங்களா?”

“அது வேற இது வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

இப்படிச் சண்டை போட்டபடியே பதினெட்டு வருடம் சுகமாகத்தான் போயிற்று.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அது வெள்ளை இல்லை. வெண்ணெயின் மஞ்சள். “மஞ்சள் சட்டை உங்களுக்குப் புதுசா இருக்கே” என்றாள். “எது மஞ்சள்? கண்ணை எங்க வச்சிருக்க?” என்றார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட மலருக்கான படங்கள் வந்தன. அவர் முடித்து வைத்த முகங்களைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பிள்ளைகளும் குளிர்ந்த தண்ணீரிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த மாதிரி வெளிறி, மூக்கும் உதடும் மட்டும் சிவந்து நின்றார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் மஞ்சளைக் குறைப்பது அவர் கைக்கு முப்பது வருடப் பழக்கம். கை குறைத்துக்கொண்டே போகும், போதும் என்று கண் நிறுத்தும். இப்போது கண் நிறுத்துவதில்லை. லேசான மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்போல விரிகிறது என்று ஒருநாள் சொன்னார். அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லை. ரோடு சரியில்லையாம்.

கேட்டுப் பார்த்தாள். “கண்ணை ஒரு தடவை…” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒன்பது நாள் பேசவில்லை. அவருடைய அப்பா கண் ஆபரேஷனுக்குத் தானே நடந்து போனவர், திரும்பும்போது கைப்பிடித்துக் கூட்டி வரப்பட்டார். அதன்பின் பதினோரு வருடம் அவரை வெளியே அழைத்துப் போய்வந்தது இந்த மகன்தான். அந்த வீட்டில் கண் என்ற வார்த்தை தொழிலுக்கு மட்டும்தான்.

பத்தாவது நாள் அவர் பேசினார். அவள் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். அவர் முடித்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். கன்னம், நெற்றி, கழுத்து என்று அம்பை வைத்து எண்ணைப் பார்த்து, எடுத்த மஞ்சளைத் திருப்பி வைப்பாள். மூன்று மணிக்கு அவர் எழுந்து வந்து மாதிரி எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார். அவள் சேர்த்த மஞ்சளையும் அந்தக் கண் பார்க்கவில்லை.

“பார்த்தியா, கை வச்சா இப்படி வரணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

“ஆமா, நல்லா வந்திருக்கு” என்பாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வேலையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

டாக்டரம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஒல்லியான, வேகமான பெண். தோளில் குறுக்காகப் பை. கோட்டைக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில வெள்ளை, இங்க சாம்பலா? நல்லது, கறை தெரியாது” என்றார்.

அவர் கொண்டு வந்தவை பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் படங்கள். முப்பத்திரண்டு. ஒவ்வொரு குழந்தையின் தோள் பக்கத்திலும் தீப்பெட்டி அளவு ஒரு சாம்பல் அட்டை வைத்து எடுத்திருந்தது. சில படங்களில் குழந்தையின் நெஞ்சில் யாரோ விரலால் அழுத்தி அப்போதுதான் விரலை எடுத்திருந்தார்கள். அழுத்திய இடம் மட்டும் ரத்தம் விலகித் தனியாகத் தெரிந்தது.

“இந்த இடம்தான் சார் முக்கியம்” என்று டாக்டரம்மா திரையைத் தொட்டார். “தோல் என்ன நிறமா இருந்தாலும் அழுத்தி எடுத்தா மஞ்சள் இருக்கா இல்லையான்னு காட்டிக் குடுத்துடும். காமாலை. பெரிய ஆஸ்பத்திரின்னா கருவி இருக்கு. எங்கயோ தள்ளி இருக்கிற ஊர்ல ஒரு நர்ஸ் மட்டும்தான் இருப்பாங்க. அவங்க இந்தப் புத்தகத்தைக் குழந்தை பக்கத்துல விரிச்சு வச்சுப் பார்க்கணும். சந்தேகம் வந்தா உடனே ரத்தம் எடுக்க அனுப்பணும். ரெண்டு நாள் விட்டா மூளைக்குப் போயிடும், அப்புறம் அந்தக் குழந்தை ஆயுசுக்கும் எழுந்து நிக்காது. அதனால சார், தயவுசெஞ்சு அழகுபடுத்தாதீங்க.”

கழுகுக்கு முகம் சுண்டிவிட்டது. “அழகுபடுத்தறவங்க வேற தெருவுல இருக்காங்க. நான் உள்ளதை உள்ளபடி குடுக்கறவன்.”

“அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். இங்க கழுகுன்னு ஒருத்தர் இருக்கார்னு சொன்னாங்க.”

முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மேசையில் இருந்தவள் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவர் தூங்கப் போகவில்லை.

“படுக்கலையா?”

“இது என் பேரு நிக்கப்போற வேலை. தூங்கிட்டுக் கிடக்கச் சொல்றியா?”

மறுநாளும் தூங்கவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு மேசைக்கே வாங்கிக்கொண்டார். அவளுக்கு அவளுடைய ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. மறைப்புக்குள் இருக்கும் அவர் திரை அவள் மேசையிலிருந்து தெரியாது. மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“அந்தச் சாம்பல் அட்டையில மட்டும் ஒரு தடவை நம்பர் பார்த்துடட்டுமா? மூணு நிறமும் சமமா இருக்கான்னு…”

“டாக்டருக்கும் நம்பர், உனக்கும் நம்பர். அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன், கொசு அடிக்கவா?”

நான்காம் நாள் சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்தபோது மாதிரி எடுத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டி வைத்துவிட்டார். காலையில் மெஷின்காரர் வந்து வாங்கிப் போவார். பதினோரு மணிக்கு மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு போடுவார்கள்.

விடிந்து அவர் குளிக்கப் போனதும் அவள் ரப்பர் பேண்டை எடுத்தாள்.

நடுப்பக்கத்தில் நான்கு குழந்தைகள் வரிசையாக இருந்தார்கள். நோய் இல்லாதது, கொஞ்சம் உள்ளது, நடுத்தரம், முற்றியது என்று கீழே எழுதியிருந்தது. நான்கும் ஒரே தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்த மாதிரி இருந்தன. முற்றியது என்று எழுதிய குழந்தைதான் எல்லாவற்றிலும் அழகு. நெஞ்சில் விரல் அழுத்திய இடம் பால் வெள்ளை. பக்கத்தில் சாம்பல் அட்டை நீலம் பாய்ந்து கிடந்தது. ஓரத்தில் அவருடைய கையெழுத்து, பறவை இறக்கை விரித்த மாதிரி.

எங்கேயோ ஒரு நர்ஸ் இந்தப் பக்கத்தை விரித்து வைத்து, பக்கத்தில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்வாள்.

எப்போதும் போல் படத்தை மட்டும் திருத்தி அனுப்பிவிடலாமா? முடியாது. மாதிரியில் கையெழுத்து விழுந்துவிட்டது. திருத்திய படத்தில் தகடு போட்டாலும், மெஷின்காரர் இந்த மாதிரியைத்தான் எதிரே மாட்டுவார். மஞ்சள் கூடுதலாக வருகிறது என்று மையைக் குறைத்து, இதைப் போலவே கொண்டுவந்து நிறுத்துவார். அவர் வேலையில் அத்தனை சுத்தம். பதினாலு மாதமாக ஓசைப்படாமல் செய்ததை இன்றைக்கு ஓசைப்படாமல் செய்ய வழியில்லை.

“அண்ணி! ரெடியா?” மெஷின்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இது போகாது” என்றாள்.

“போகாதுன்னா?”

மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோடு வளைந்தது. அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டாள்.

மெஷின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அண்ணி! அது அண்ணன் கையெழுத்து!”

“தெரியும். பத்தொன்பது வருஷமாப் பார்க்கறேன்.”

“போட்ட கையெழுத்தை யாரும் அடிச்சு நான் பார்த்ததில்லை. வேணும்னா எப்பவும் போல ஃபைலை மட்டும் மாத்திக் குடுத்திருக்கலாமே…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால், தலையைத் துவட்டிய துண்டோடு கழுகு நின்றிருந்தார்.

“எப்பவும் போலன்னா?” என்றார்.

மெஷின்காரர் வாசல் பக்கம் பார்த்தார்.

“உன்னைத்தான் கேக்கறேன். எப்பவும் போலன்னா என்ன?”

“ஒண்ணுமில்லண்ணே… வண்டியை வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்…”

“காலை ஏழு மணிக்கு ஏதுடா வெயில்?”

“ஃபைல்ல கடைசியா மாத்தின நேரம் இருக்கும்ல, அண்ணே. தினமும் ரெண்டு, ரெண்டரைன்னு இருக்கும். நீங்க தூங்கற நேரமாச்சேன்னு…” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். “நான் யார்கிட்டயும் சொல்லலை. பைண்டிங்ல இருக்கிற உங்க அக்காகிட்ட மட்டும்தான்.”

“அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.”

“அண்ணே, நான் ரெண்டு மணிக்கு வரேன். தகட்டை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்.” மெஷின்காரர் ஒரு செருப்பைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கழுகு மேசையில் கிடந்த மாதிரியைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“என் கையெழுத்து மேல கோடு போட நீ யாரு?”

“இந்த ரூம்ல வேலை செய்யறவ.”

“என்ன குறை இதுல? நாலு குழந்தையும் பூ மாதிரி இருக்கு.”

“அதுதாங்க குறை. மூணு குழந்தை பூ மாதிரி இருக்கக் கூடாது. சாகக் கிடக்கிற குழந்தையைக் குணப்படுத்தி வச்சிருக்கீங்க. பேப்பர்ல.”

“மஞ்சள் முகத்துல ஏறினா எடுக்கணும்.”

“மஞ்சளுக்காகத்தான் இந்தப் புத்தகமே.”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“பதினாலு மாசம்.”

“பதினாலு மாசம்! தினமும் நல்லா வந்திருக்குன்னு சொன்னியே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னியே. நான் தூங்கற நேரம் பார்த்து என் வேலையில கை வச்சிருக்க. மெஷின்காரனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், ஊருக்கெல்லாம் தெரியும். எல்லாரும் சேர்ந்து என்னைக் குருடனாக்கி உக்கார வச்சுட்டீங்க.”

அவள் கண்ணில் நீர் கட்டியது. ஆனால் குரல் இறங்கவில்லை.

“மறைச்சது தப்பு. அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். மாத்தினது தப்பில்லை. ஒரு முகம்கூட நான் கெடுக்கலை. இன்னைக்கும் மாத்தத்தான் போறேன், உங்களுக்கு எதிர்லயே. ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும். கோட்டு மாட்டிக்கிட்டு வந்தா வாங்க, இல்லைன்னா வழி விடுங்க.”

இப்படி அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. கழுகு துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். டாக்டரம்மா கொடுத்த அசல் படங்களைத் திறந்தாள். முதலில் சாம்பல் அட்டை. அட்டையின் மேல் அம்பை வைத்தாள். அது சாயமில்லாத சாம்பல். அதன் மூன்று எண்களும் சமமாக இருந்தால், படத்தில் எந்த நிறமும் கூடுதலாக ஒட்டவில்லை என்று அர்த்தம். அறை விளக்கின் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை மட்டும் எடுத்தாள். மூன்று எண்ணும் சமமானதும் குழந்தையின் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள். அட்டை நேரானால் குழந்தை தானாக நேராகிவிடும். அதன் மஞ்சள் அதற்குச் சொந்தம். பிறகு மைக்கு மாற்றும்போது அந்த மஞ்சள் மங்காமல் நிற்கிறதா என்று விரல் அழுத்திய இடத்தில் பார்த்தாள். ஒன்று முடிந்தது. இன்னும் முப்பத்தொன்று.

பத்து மணிக்குப் பைண்டிங் அக்கா வந்தாள். அவருக்கு அக்கா. அச்சகத்தில் தாள் மடித்துத் தைக்கும் பிரிவுக்குத் தலைவி. தம்பி படியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள்.

“என்னடா, வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?”

“நீயும் கூட்டா அக்கா?”

“எதுக்குக் கூட்டு? நீ மஞ்சள் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து வெள்ளைன்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். பைண்டிங்ல நாங்க பன்னண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் நான் மட்டும் பாத்ரூம்ல போய் அழுதேன்.”

“ஏன் சொல்லலை?”

“யார்கிட்ட சொல்றது? அவ ஒரு வார்த்தை ஆரம்பிச்சதுக்கே ஒன்பது நாள் வாயை மூடிக்கிட்டியே. நான் சொன்னா ஒன்பது வருஷம் மூடிப்ப. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி.” பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். “முட்டை வேகவச்சுக் கொண்டாந்திருக்கேன். தின்னு. கோபப்படறதுக்கும் தெம்பு வேணும்.”

“வேணாம்.”

“அப்பாவுக்கு ஆனதை நினைச்சுப் பயப்படறே. எனக்கும் அவர்தான் அப்பா. அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி.”

“பயமா? எனக்கா?”

“இல்லை, எனக்கு. முட்டையைத் தின்னு.”

அவர் முட்டையைத் தின்றார். பிறகு எழுந்து, ஆணியில் மிச்சமிருந்த கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அவளுக்குப் பின்னால் நின்றார். அட்டையில் அம்பு, எண், ஒரு சின்னத் திருத்தம், மறுபடி எண். நெஞ்சில் அம்பு. அடுத்த படம். அவள் கை தயங்கவே இல்லை. பக்கத்திலிருந்த நோட்டு பக்கம் பக்கமாகத் தேய்ந்து ஓரம் கறுத்திருந்தது. அதை எடுத்துப் புரட்டினார். பதினாலு மாதம். ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை முகம், எவ்வளவு மஞ்சள் திருப்பி வைத்தாள் என்று எழுதியிருந்தது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“இதை ஏன் எழுதி வச்ச?”

“என்னைக்காவது நீங்க கேட்டா பொய் சொல்லக் கூடாதுன்னு.”

ஒன்றரை மணிக்குப் புது மாதிரி பிரிண்டரிலிருந்து வந்தது. டாக்டரம்மாவுக்கு முன்னமே சொல்லியிருந்ததால் அவரும் வந்துவிட்டார். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் பெட்டிக்குள் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். நான்காவது குழந்தையின் மேல் விரலை வைத்தார்.

“இந்தக் குழந்தையை நான் கையில வாங்கின நாள் ஞாபகம் வருது. அதே நிறம். இதைப் பார்த்தா எந்த நர்ஸும் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டாங்க.” நிமிர்ந்து கழுகைப் பார்த்தார். “பயந்துக்கிட்டே இருந்தேன் சார். சரியாக் குடுத்துட்டீங்க.”

கழுகு மனைவி பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “நான் குடுக்கலைங்க. இவங்க குடுத்தது.”

“அப்ப கையெழுத்தும் இவங்கதானே போடணும்?” என்று டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்.

அவள் பேனாவை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் மாதிரியின் ஓரத்தில் தன் பேரை எழுத்து எழுத்தாக எழுதினாள். பள்ளிக்கூட நோட்டில் எழுதுவது மாதிரி இருந்தது. டாக்டரம்மா போனார். மெஷின்காரர் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

கழுகு பழைய மாதிரியையும் எடுத்தார். இரண்டிலும் கையெழுத்து இருந்த மூலையைப் பின்பக்கமாக மடித்தார். இரண்டையும் கவிழ்த்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேசைமேல் இப்படியும் அப்படியும் தள்ளினார்.

“என்ன பண்றீங்க? வேணாங்க” என்றாள்.

“பேசாம இரு.”

இரண்டையும் திருப்பிப் பெட்டிக்குள் பக்கம் பக்கமாக வைத்தார். குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். கிட்டப் போனார், தள்ளி வந்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார். அடுப்படியில் பைண்டிங் அக்கா டப்பாவைக் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு எது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு குழந்தை சாகக் கிடந்தது, இன்னொன்று சிரித்துக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது.

“இதுதான் உன்னோடது” என்று வலது பக்கத்தைத் தொட்டார். குரலில் அந்தப் பழைய கழுகு இருந்தது. “நல்லாத் தெரியுது.”

அவள் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

அவரே மடிப்பைப் பிரித்தார். இறக்கை விரித்த கையெழுத்து. அதன் மேல் வளைந்து ஓடிய சிவப்புக் கோடு.

அவர் அதைத் தடவினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபமெல்லாம் வடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

“அப்பா ஆபரேஷனுக்குப் போன அன்னைக்கு எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தார். என்ன கலர்னு கேட்டார். பச்சைன்னேன். வந்ததுக்கப்புறம் தினமும் கேப்பார். இது என்ன கலர், அது என்ன கலர்…” நிறுத்தினார். “என்னால அதுக்கெல்லாம் போக முடியாது. சொல்லிட்டேன். அந்தப் பேச்சை எடுக்காதே. எடுத்தா…”

“எடுத்தா என்ன? ஒன்பது நாள் பேச மாட்டீங்களா? பேசாதீங்க. தொண்ணூறு நாள் பேசாதீங்க. நான் பேசறேன்.”

அவர் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் நிமிர்த்தினாள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறைக்குள் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். ஆபரேஷன்னா ஆபரேஷன். இன்னைக்கு, இப்ப, என்கூட வாங்க.”